இடுப்பில் கட்டிய ஈயம்

என் அக்கா புருஷனை ஊரில் பாதிப் பேர் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் மாமா என்பேன், அதுவும் முகத்துக்கு நேரே. நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் இருபத்தாறு வருஷம் லாரிகளை எடை போட்டவர். டயர் பிதுங்கியிருப்பதைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். மேடை அப்புறம் அதையே சொல்லும். எந்த ஓட்டுநரும் அவரிடம் வாலாட்டியது கிடையாது.

அவருக்கு நாக்கின் அடியிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, அதன் பிறகு முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு. நோய் போய்விட்டது என்றார்கள். கூடவே எச்சில் போனது, ருசி போனது, குரலில் முக்கால்வாசி போனது. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அக்கா எதையாவது அரைத்து, வடிகட்டி, அதில் ஊற்றுவாள். மிக்ஸி சத்தத்தை விட்டால் அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

கடைசியில் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். நாலு வாரம் குழாயைத் தொடாமல் வாயாலேயே சாப்பிட வேண்டும். எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்காவிட்டால் குழாயை எடுத்துவிடலாம். மாமா அதையே பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்தக் குழாய் போக வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமைதோறும் நான்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முதல் வாரம் ஐம்பது. இரண்டாம் வாரமும் ஐம்பது, மூன்றாம் வாரமும் ஐம்பது. பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவர் கன்னம் ஒட்டிப்போவதும் சட்டை தொளதொளவென்று ஆவதும் என் கண்ணில் படாமல் இல்லை. நல்ல சேதி கேட்கும் ஆசையில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நாலாவது திங்கள், எடை பார்க்கும் நர்ஸ் எண்ணைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், அப்புறம் மாமாவைப் பார்த்தார்.

“மூணு வாரமா ஐம்பது. இன்னைக்கும் ஐம்பது. நூறு கிராம்கூட ஏறல, இறங்கல. உடம்பு அப்படியெல்லாம் நிக்காதுங்க. சட்டையைத் தூக்குங்க.”

இடுப்பைச் சுற்றித் துணியில் வைத்துத் தைத்த ஈயத்தகடு. வாராவாரம் குறைந்ததற்குச் சரியாக வெட்டிச் சேர்த்திருக்கிறார். கழற்றி வைத்துவிட்டு ஏறினார். நாற்பத்தேழு நானூறு.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். காலி லாரி ஒவ்வொரு தடவையும் ஒரே எடையில் வந்தால் நம்பாதே, டீசல் குறையும், சேறு ஒட்டும் என்று எனக்குப் பாடம் எடுத்த மனுஷன் இவர். திருட்டிலும் எடை பிசகக் கூடாது என்ற அந்தத் தொழில் புத்தியே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. குழாய் இன்னும் ஆறு வாரம் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

எடை பார்க்கும் முன்பே அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள்; அவளுக்கு இது எதுவும் தெரியாது. வராந்தாவில் வைத்து மாமாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் இடம், பொருள் தெரியாது.

“யாரை ஏமாத்துறீங்க மாமா? அக்கா படாத பாடு படுறா. நீங்க ஈயத்தைக் கட்டிட்டு வந்து நிக்கிறீங்க! குழாய எடுத்துட்டுப் பட்டினி கிடந்து சாகலாம்னா?”

அவர் பாட்டில் தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டார். பாதிக் காற்றும் பாதிக் குரலுமாக, “அவளைப் பாருடா” என்றார்.

மருந்து வரிசையில் அக்கா சுவரில் கை ஊன்றி நின்றிருந்தாள்.

“அம்பத்தெட்டு இருந்தா. இப்ப அம்பத்தொண்ணு. எனக்கு மேடை வேண்டாம், பார்த்தாலே தெரியும்.” மறுபடி தண்ணீர். “உங்களுக்கு இறங்காதது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்னு கேக்குறா. குழாய் போயிட்டா, நான் தேறிட்டேன்னு நம்புவா. சாப்பிடுவா.”

வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போகிறவன் நான். மாமா எப்படி இருக்கார் என்று அக்காவிடம் நூறு தடவை கேட்டிருப்பேன். நீ எப்படி இருக்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அக்காவிடம் போட்டு உடைத்தேன். எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டு அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். மாமா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அவளுக்கு ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்தார். தனக்குக் கிண்ணத்தில் பாலில் மசித்த பழம்.

“நான் ஒண்ணு. நீ ஒண்ணு.”

ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, கண்ணை மூடி விழுங்கினார். நெருப்பு இறங்குவது முகத்தில் தெரிந்தது. இருமல் பிடித்துக்கொண்டது.

“வேண்டாங்க, குழாயிலயே ஊத்திக்கலாம்” என்று அக்கா அழுதாள். அவர் ஸ்பூனால் அவள் தட்டைத் தட்டினார். அவள் ஒரு வாய் வைத்தாள்.

நாலு ஸ்பூனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அதைப் பார்த்து அக்காவும் தட்டைத் தள்ளினாள். ரொட்டி முக்கால்வாசி அப்படியே இருந்தது.

மாமா கிண்ணத்தை மறுபடி இழுத்துக்கொண்டார்.