காலை அடிச்சு வைக்காத பௌலர்

எங்க சிவகாசி கிரிக்கெட் லீக்ல முன்னாடி எட்டு டீம், இப்ப நாலுதான். காலேஜ் முடிச்ச கையோட நான்தான் எங்க டீமுக்கு பௌலிங் கோச். கெத்துதான! எங்க ஃபாஸ்ட் பௌலருக்குப் பத்தொன்பது வயசு, நாரணாபுரத்துல பட்டாசு கம்பெனி வேலை. மாவட்ட டீமுக்கு செலக்ட் ஆக அவனுக்கு மிச்சம் ஒரே மேட்ச்.

மெதந்துக்கிட்டே ஓடி வருவான். கடைசி அடியில மட்டும் பூனை மாதிரி காலை வைப்பான், வேகம் செத்துரும்.

"ஏலே, முன்னங்காலை ஓங்கி ஊனுலே!"

"வெடிமருந்து ரூம்ல அப்படி வச்சா எம்புட்டு பேரு சாவோம் தெரியுமாண்ணே? காலு கேக்க மாட்டேங்குது."

"இங்கன வெறும் மண்ணுதாம்லே!"

அந்த மேட்ச்சுல, கடைசி ஓவர். மைதானம் பூரா கானல் அலையுது. ஓடி வந்தவன் கண்ணை இறுக்கி மூடிட்டு காலை அடிச்சான். டம்முன்னு சத்தம். புழுதி மெல்ல எந்திரிச்சு அந்தரத்துலயே நின்னுச்சு. நடு ஸ்டம்பு எங்கயோ பறந்து கெடந்துச்சு.

நாங்க கத்திக்கிட்டு ஓடுனோம். செலக்டர் அவன் பேரை எழுதிக்கிட்டாரு. அவன் மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காலுக்குக் கீழயே பாத்துட்டு நின்னான்.

"ஒண்ணும் ஆகலண்ணே"ன்னான்.