மாசி மகத்தன்று பூட்டிய கதவு

மூன்று வருடங்களுக்கு முந்தைய மாசி மகம். இடம், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. எங்கள் பக்கத்தில் மாசி மகம் என்றால், சுற்றுவட்டாரத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் டிராக்டரிலும் வண்டியிலும் ஏறிக் கடலுக்கு வந்து தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போகும் நாள். கூடவே ஊர் ஜனங்களும் வந்து முங்கி எழுவார்கள். நான் சிதம்பரத்தில் இருப்பவள். வழக்கமாக மாசி மகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிள்ளைக் கடற்கரைக்குப் போய்விடுவேன். அந்த வருடம்தான் கடலூரில் இருக்கும் என் அக்கா, "எங்க ஊருக்கும் ஒரு தடவை வாயேன்டி" என்று பிடிவாதமாகக் கூப்பிட்டாள்.

எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிவதற்கானது. வெளியூர் போகும் நாளில் அதை வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்று காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், கை பாட்டுக்கு எடுத்து வாயில் போட்டுவிட்டது. அக்கா வீட்டில் ஒரு தடவை பாத்ரூம் போய்விட்டுத்தான் கிளம்பினேன். கடற்கரைச் சாலையில் கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து மணலை மிதிப்பதற்குள் மறுபடியும் அடிவயிறு கனக்க ஆரம்பித்துவிட்டது.

நான் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப்போடுகிறவள். அடக்குவதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம். ஆனால் மாத்திரைக்கு அந்தப் பட்டமெல்லாம் தெரியாதே.

கடற்கரைக்குள் நுழையும் இடத்திலேயே பொதுக் கழிப்பறை இருந்தது. நல்ல கட்டடம், டைல்ஸ் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். கதவில் பெரிய பூட்டு. வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கேட்டேன். அங்கே கூட்டிக் கழுவுகிறவராம். சாவி தன்னிடம் இல்லை, பக்கத்துப் பந்தல் விழாக்காரர் காலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். பக்கத்தில் ஒரு ஊர்க்காரர்கள் சாமிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். சாமி வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை திறந்திருந்தால் தீட்டு என்று, மற்ற நாளெல்லாம் திறந்து கிடக்கும் கதவை, ஊரே கூடும் அந்த ஒரு நாளில் பூட்டியிருக்கிறார்கள்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, "நீங்க பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டுச் சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தார். ஆண்களுக்கு எந்த ஊர்க் கடற்கரையிலும் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். காதோடு காதாகச் சொன்னாள்: "கடல்ல எறங்கி இடுப்பளவு தண்ணில நின்னுடு. நாங்கல்லாம் வருசா வருசம் அதான் பண்றோம். எவளும் வெளில சொல்றதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் புடவையோடு பெண்கள் கும்பல் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். அதில் யார் புண்ணியத்துக்கு நிற்கிறார்கள், யார் வேறு வழியில்லாமல் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பத்தடி தள்ளி ஒருவர் தீர்த்தத்தைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே போய் நிற்க முடியாது என்று தோன்றிவிட்டது. அதற்காக இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவேன் என்றும் சொல்ல முடியாத நிலை. அத்தனை கூட்டத்தின் நடுவில், இந்த வயதில், கட்டிய புடவையோடு நனைந்துவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. நேராகப் பந்தலுக்குப் போனேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் நிற்கவில்லை.

விழாக்காரர் கையில் மைக்கோடு, வரும் சாமிகளின் ஊர்ப்பெயர்களைச் சொல்லி வரவேற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். விபூதி பூசிய, சாதுவான முகம். என்னைப் பார்த்ததும் மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு என்னம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டார். கழிப்பறைச் சாவி வேண்டும் என்றேன்.

"கொஞ்ச நேரந்தாம்மா. சாமி முங்கிட்டுக் கெளம்பட்டும், தொறந்துடுறோம். சாமிய பக்கத்துல வச்சிக்கினு கக்கூஸ தொறந்து போட்டா நல்லாவா இருக்கும்?"

"அத பூட்டிட்டீங்க, சரி. பொம்பளைங்க எங்க போறாங்கன்னு நெனக்கிறீங்க? நீங்க இன்னும் கொஞ்ச நேரத்துல சாமிய எறக்கப் போற அதே கடல்லதான் போறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவர் மைக்கை இறக்கினாரே தவிர, அணைக்கவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் என் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டுவிட்டது. மேளக்காரர்கள்கூட ஒரு கணம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே மணலுக்குள் புதைந்துவிட மாட்டோமா என்று இருந்தது.

விழாக்காரர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவைத் திறக்கிறாரோ இல்லையோ, இனி இங்கே நிற்க முடியாது என்று திரும்பினேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அவளுக்குப் பின்னால் வயதான இரண்டு பேர். ஈரப் புடவையோடு கடலிலிருந்து ஏறி வந்து நின்றவர்களும் உண்டு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வந்து வந்து பின்னால் நின்றார்கள். அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள்.

அப்போது பந்தலுக்குள்ளிருந்து மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள் வந்தார். கையில் சாமிக்கு வைத்திருந்த பூத்தட்டு. விழாக்காரரின் முகத்தைப் பார்க்காமலேயே தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். விழாக்காரரின் மனைவி என்று அந்த மனிதரின் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

விழாக்காரர் தட்டைப் பத்திரமாகச் சாமி பீடத்தின் அருகில் வைத்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து, தானே போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்ததும், பந்தலுக்காக நிறுத்தியிருந்த தண்ணீர் வண்டியைக் கழிப்பறைப் பக்கம் கொண்டுவரச் சொன்னார். கழிப்பறைக்கும் பந்தலுக்கும் நடுவில் ஒரு படுதாவைக் கட்டினார்கள். அவ்வளவுதான். அன்று வந்த சாமிகள் எல்லாம் எந்தக் குறையும் இல்லாமல் முங்கிவிட்டு ஊர் திரும்பின.

கை கழுவும் இடத்தில் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து மாசி மகத்துக்கு முந்தின நாளே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவேன்க்கா. போன வருசம் மயக்கமே வந்துடுச்சி. வெயில்னு நெனச்சிக்கினாரு. நான் சொன்னதில்ல."

விழாக்காரர்மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். சாமிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் பூட்டினார். அவருடைய வீட்டிலேயே ஒருத்தி வருடா வருடம் வாடி நின்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாத விஷயம் என்று எங்கள் எல்லோருக்குமே பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கூச்சம் என்னைவிட்டும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் எந்த ஊரில் பூட்டிய கழிப்பறையைப் பார்த்தாலும் சாவி யாரிடம் என்று சத்தமாகவே கேட்டுவிடுகிறேன். என்னைப் போலவே வாய் திறக்க முடியாத ஒருத்தி எனக்குப் பின்னால் நிச்சயம் நின்றுகொண்டிருப்பாள்.