போ என்றால் வரும் நாய்

வாஷருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. எந்தக் குழாய் ஒழுகினாலும் "வாஷர் போயிடுச்சு" என்றே ஆரம்பிப்பதால் தெருவே சேர்ந்து அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத பிளம்பர். மாடி வீட்டில் அவரும், புருஷனை இழந்த அக்காவும். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரே மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, "போ, என் மூஞ்சியிலயே முழிக்காத" என்று கதவைச் சாத்தியவள். ரோஷத்தில் தாயும் மகளும் ஒரே அச்சு. மகள் போனாள், போனவள் போனவள்தான்.

நாயைக் கொண்டுவந்தது வாஷர். நாய்கள் காப்பகத்தில் பம்பு மாற்றப் போன இடத்தில், ஒரு பழுப்பு நாய் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. மனசு கேட்கவில்லை. வேலை முடிந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏன்டா, நமக்கே இங்க கால் நீட்ட இடமில்ல. இதுல துரை வேறயா?" என்றாள் அக்கா. துரை என்பதே அதன் பெயராகிவிட்டது.

துரை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டது. "வா" என்றால் போதும், உடம்பெல்லாம் நடுங்கி நின்ற இடத்திலேயே மூத்திரம் போகும். எவனோ ஒரு புண்ணியவான் வா வா என்று ஆசையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடித்திருக்கிறான். நல்லா இருக்கட்டும் அவன்! வாஷர் மண்டியிட்டுக் கெஞ்சிப் பார்த்தார், பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தார். ம்ஹும். ஒருநாள், தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன அக்கா, "போ சனியனே, எங்கயாவது போ!" என்று கத்தினாள். துரை தலையை நீட்டிப் பார்த்தது. மெல்ல வெளியே வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

"போன்னா வர்ற நாய உலகத்துல எங்கயாச்சும் பாத்திருக்கியாடா?" அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அதற்குப் பிறகு துரையைப் பழக்கியதெல்லாம் அவள்தான். "போ" என்பாள், வந்தால் ஒரு துண்டு ரொட்டி. முதலில் வீட்டுக்குள், அப்புறம் நீளக் கயிறு கட்டி மொட்டைமாடியில், கடைசியில் கயிறே இல்லாமல் தெருவில். துடைப்பத்தைக் கண்டால் பதுங்கும் என்பதால், அந்தத் துடைப்பத்தின் மேலேயே ரொட்டியை வைத்துத் தின்ன வைத்தாள். பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிறவள் அக்கா. நாயிடம் மட்டும் அவ்வளவு நிதானம். இதில் பாதியை மகளிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று வாஷருக்கு வாய்வரை வரும். சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது என்று விழுங்கிக்கொள்வார்.

பிறகுதான் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: போ. தண்ணீர் வேண்டுமானாலும் போ, வலித்தாலும் போ. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "உடம்பு விழுந்தும் கொழுப்பு அடங்கல பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்கள். துரை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து கட்டிலில் முகத்தை வைத்தது.

வாஷர் அக்கா மகளுக்குப் போன் போட்டார். அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது என்று சொன்னாரே தவிர, அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அடித்துப் பிடித்து டாக்சியில் வந்தவள் வாசலில் நின்று, "அம்மா" என்றாள். அக்காவின் கண்கள் விரிந்தன.

"போ."

மகள் அப்படியே திரும்பிப் படியிறங்கினாள். வாஷர் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் துரையும் ஓடியது.

"பாப்பா, நில்லும்மா! அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருது. இந்த நாயக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிட்டாங்க. எங்க வீட்ல போன்னா வான்னு அர்த்தம்மா."

"நாய்கிட்ட பேசுற பாஷைய எங்கிட்ட சொல்றீங்களா மாமா? அன்னிக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க."

மேலேயிருந்து கேட்டது: "போ... போ..."

துரை சட்டென்று திரும்பிப் படியேறி ஓடியது. மகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"இருங்க மாமா. நாய் போனதும் நிறுத்திட்டாங்கன்னா அதத்தான் கூப்பிட்டிருக்காங்க. நிறுத்தலன்னா..."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஒருமுறை "போ" என்று கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடேன் அக்கா என்று வாஷர் உள்ளுக்குள் கெஞ்சினார்.

"சரி மாமா, உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிப் போனாள். கீழே டாக்சிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வாஷர் மேலே வந்தார். துரை கட்டிலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது. உதடு குவிந்து குவிந்து அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. குரல்தான் எழவில்லை.

"பாப்பா! அம்மா நிறுத்தலம்மா! இன்னும் கூப்பிட்டுட்டுதான் இருக்காங்க!" என்று வாஷர் ஜன்னலில் நின்று கத்தினார். டாக்சி தெருமுனை திரும்பிப் போய்விட்டிருந்தது.