கட்டத்துக்கு வெளியே என்னை வரைந்தவள்

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தால், சுவரில் நான் இருந்தேன். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, கைகால்களுக்கு நாலு கோடு. காலடியில் இங்கிலீஷில் 'புக்கிங் கிளார்க்' என்று எழுதியிருந்தது. பழுப்புத் தாள்களை ஒட்டி ஒட்டி முழுச் சுவரையும் மறைத்திருந்தார்கள். நடுவில் பெரிய கட்டம். அதற்குள் முட்டை முட்டையாக வரைந்து, ஒன்றில் பார்சல் பதிவு, ஒன்றில் எடை, ஒன்றில் பில் என்று எழுதியிருந்தது. என் கையிலிருந்து அந்த முட்டைகளுக்குக் கோடுகள் போயின. எல்லாம் சரிதான். ஆனால் என்னைக் கட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். தோள்பையைக்கூட இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் வேலை பார்த்தது டெல்லியில் ஒரு லாரி பார்சல் கம்பெனி. நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. தெற்கே மாற்றலாகிப் போகும் சர்க்கார் குடும்பங்களின் பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் எங்கள் கவுண்டர் வழியாகத்தான் போகும். அவர்களிடம் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும் பழைய கம்ப்யூட்டரில் தட்டிப் பழகியிருந்தேன். இப்போது அதைத் தூக்கிவிட்டுப் புதிய ஏற்பாடு வரப்போகிறதாம். அதற்கு முன்னால் கம்பெனி முழுவதும் எப்படி ஓடுகிறது என்று படமாக வரைய வேண்டுமாம். அந்த வரையும் முறைக்கு யூ.எம்.எல். என்று பெயர். பழைய மெஷினோடு பழைய ஆட்களும் போவார்கள் என்று கவுண்டரில் ஒரே பேச்சு. போனால் முதலில் யார் போவார்? ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் அங்கே நான் ஒருத்திதான்.

வரைய வந்தவள் பெயர் ஹர்ப்ரீத். சர்தார் வீட்டுப் பெண், முப்பது வயது இருக்காது. அவள் வேலை செய்த விதத்தை ஊரில் இருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்வது? முதலாளி அறையில் ஏ.சி. இருந்தும், கவுண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். என்னிடம் மட்டும் 'தீதி', அதாவது அக்கா, என்று தொடங்குவாள். "தீதி, நீங்க என்ன செய்யறீங்க?" சொன்னால், "ஃபிர்? அப்புறம்?" அதையும் சொன்னால் மறுபடி "ஃபிர்?" மூட்டை தூக்குகிறவரிடமும் அதே மரியாதையோடு அதே கேள்வி. எங்கள் ஊர் பாளையங்கோட்டையில் எந்தக் கடைப்படி ஏறினாலும் "யார் மக? எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னால் மற்றது எல்லாம் அவர்களுக்கு விளங்கிவிடும். அதற்கு அடுத்தது, "எத்தன வரைக்கும் படிச்ச?" அந்த இடத்தில் என் தலை குனிந்துவிடும். ஹர்ப்ரீத் அந்த இரண்டையும் கேட்கவே இல்லை. நான் என்ன செய்கிறேன் என்பதை ஒருத்தி உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்படிக் கேட்டவள் என்னை வெளியே நிறுத்திவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை.

கோடவுன் பொறுப்பாளர் ராம்லாலிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு என்னைச் சீண்டாவிட்டால் டீ இறங்காது. சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வெளிய நிக்கறவங்க எல்லாம் வெளியதான் பெஹன்ஜி. நானும் வெளிய. டிரைவரும் வெளிய. அட, அங்க பாருங்க, மாலிக்கும் வெளிய" என்றார். பார்த்தேன். உண்மைதான். முதலாளியும் என்னை மாதிரியே குச்சிக் காலோடு கட்டத்துக்கு வெளியே நின்றார். ராம்லால் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கோ கவலை இரண்டு மடங்காகிவிட்டது. கம்பெனியையே விற்கிறார்களோ?

சாயங்காலம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, சர்க்கார் ஆபீஸில் பியூனாக இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "மொதலாளியும் வெளிய நிக்காரா?"

"ஆமா."

"அப்போ உள்ள யாருளா இருக்கா?"

"யாருமே இல்ல. முட்டைதான் இருக்கு."

"முட்டையா வந்து கம்பெனி நடத்தப் போவுது? என்னத்துக்குக் கெடந்து தவிக்கெ? நாளைக்கு அந்தப் பிள்ளைட்டயே கேளு."

மறுநாள் கேட்டேன். என் இந்தி பயத்தில் இன்னும் மோசமாக வரும். "மேடம், என்னை எப்போ வெளிய அனுப்பறீங்க?" என்றுதான் கேட்க வந்தது. அவள் லீவு கேட்கிறேன் என்று நினைத்து, "மேனேஜரைக் கேளுங்க தீதி" என்றாள். நான் எழுந்து போய்ப் படத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரிக்கவில்லை. "இந்தக் கட்டம் மெஷின். மாத்தப்போறது இதைத்தான். மனுஷங்க எல்லாரும் மெஷினுக்கு வெளியதானே இருப்பாங்க? அவங்களுக்காகத்தான் கட்டமே." பிறகு, நான் கேட்காததற்கும் பதில் சொன்னாள். "உங்களை வெச்சுக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. அது என் கையில இல்ல." பொய்யாக ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் எனக்குப் பிடித்தது. ஆனாலும் தூக்கம் போனது போனதுதான்.

அந்த வாரமே மேனேஜர் எல்லாரையும் கூட்டினார். பத்தாவது சர்டிபிகேட் இருப்பவர்களுக்கு மட்டும் புதிய கம்ப்யூட்டரில் பயிற்சி, மற்றவர்களைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹர்ப்ரீத் பேனாவால் சுவரில் இருந்த என் வட்டத் தலையைத் தட்டினாள். "சார், இந்த இடத்துல சர்டிபிகேட் எதுவும் நான் வரையல. இந்த வேலையை யார் செய்யறாங்களோ அவங்க பழகணும். அவங்க பழகலேன்னா நான் கட்டுறது ஓடாது." குரலை உயர்த்தவே இல்லை. மேனேஜர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீக் ஹை, சரி. இவங்க பேரையும் எழுதிக்கோங்க" என்றார். படிக்காதவள் என்று ஊர் என் மேல் ஒட்டியதை எல்லாம் உதிர்த்துவிட்டு, நாலு குச்சியாக நிற்பதில் இவ்வளவு பாதுகாப்பு உண்டு என்று அன்றுதான் கண்டேன்.

புதிய மெஷின் ஓடத் தொடங்கிய காலை, முதல் பதிவுக்கு உண்மையான பார்சல் ஒன்று வேண்டும் என்றாள் ஹர்ப்ரீத். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது. தங்கை பிள்ளைகளுக்கு எங்கள் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர்கள். பாளையங்கோட்டை வெயிலுக்கு ஸ்வெட்டரா என்று கேட்காதீர்கள். குளிருக்கு ஒன்றை அனுப்பினால்தான் நான் டெல்லியில் இருக்கிறேன் என்று அங்கே நம்புவார்கள். வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் போய்த் தராசில் பொட்டலத்தை வைத்தேன். சுற்றி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினேன். சுவரில் கட்டத்தின் இடப்பக்கம் 'கஸ்டமர்' என்று ஒரு குச்சி உருவம், வலப்பக்கம் கிளார்க்.

"இன்னிக்கு இதுல நான் யாரு மேடம்?"

"ரெண்டும் நீங்கதான் தீதி. ஒரே ஆள் ரெண்டு இடத்துல நிக்கலாம், இதுல தப்பில்ல."

ரசீது வந்தது. பாளையங்கோட்டை என்று சுத்தமாக அச்சாகியிருந்தது. கொடுக்க வேண்டியவளும் நான், வாங்க வேண்டியவளும் நான். வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் போக எழுந்து, கவுண்டரின் சின்ன மரக்கதவைத் திறந்தேன். "பெஹன்ஜி, உள்ள வரீங்களா, வெளிய போறீங்களா?" என்று ராம்லால் பின்னாலிருந்து கேட்டார். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கமாக, கதவை இடுப்பால் தாங்கிக்கொண்டு, சூடு ஆறாத ரசீதை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன்.