கீழே இருந்த வரி

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் திறந்த புதிது. போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட். கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்குப் புரோட்டோகால் என்று பெயர். இணைப்பை அமைக்கும்போது திரையில் வந்த பட்டியலில் மூன்று புரோட்டோகால்கள் இருந்தன. இருக்கட்டுமே என்று மூன்றுக்கும் டிக் போட்டு வைத்தேன்.

மோடம் கத்தி முடித்ததும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். முதல் வரியைப் பார்த்ததுமே துண்டித்துவிட்டு, லைன் சரியில்லை என்று திட்டுவேன். இரண்டு நாளாக வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கொடைரோட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். நர்சிங் சேர்க்கைப் பட்டியலில் பெயர் இருந்தால் மறுநாளே மதுரையில் சேர வேண்டுமாம். மறுபடியும் அதே செய்தி. என் கை மவுஸுக்குப் போனது.

"செத்த பொறுங்கண்ணே, கட் பண்ணிராதீங்க. முழுசாப் படிச்சீங்களா?" என்றாள்.

"படிக்க என்னம்மா இருக்கு? சேரலைன்னு போட்டிருக்கு."

"மூணு புரோட்டோகால்ல ரெண்டுதான் அந்தப் பக்கம் இல்லையாம். மூணாவது சேந்திருச்சுன்னு கீழ போட்டிருக்கே."

எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். துண்டிக்காமல் அப்படியே தொடர, அவள் காட்டிய பொத்தானைத் திரையில் அழுத்தினேன். சேர்க்கைப் பட்டியல் மெல்ல மெல்லத் திறந்தது. அவள் பெயர் இருந்தது.

இன்டர்நெட்டுக்கு அந்த மூன்றாவது புரோட்டோகால் ஒன்றே போதும். இரண்டு நாளும் இணைப்பு கிடைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் துண்டித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் யாராவது 'இல்லை' என்று பேச்சைத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவதில்லை. அடுத்த வரிக்காக உட்கார்ந்திருக்கிறேன்.