பொறு டீச்சர்

ஒன்றாம் வகுப்புக்கும் என் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் பாதி நேரம் அங்கிருந்து ஒரு சத்தமும் வராது. டீச்சர் தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தால், கரும்பலகைக்கு முன்னால் ஒரு வாண்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த டீச்சர் அதன் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வாண்டு எடுத்துக் கொடுக்க வந்தால் ஒரே சொல்தான்: "பொறு."

அதனால் அவர் பொறு டீச்சர். பெயர் வைத்தது பிள்ளைகள். எங்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

நான் நேர் எதிர். எனக்குப் பாடம் முடிய வேண்டும். பிள்ளை 'யா' என்றால் நானே 'னை' என்று முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். பள்ளியிலேயே முதலில் பாடம் முடிக்கிறவள் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், "அக்கா, நீங்க இப்படிக் காத்துக்கிட்டே இருந்தா பிள்ளைங்களுக்குக் கல்யாண வயசு வந்துடும்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குழந்தை வாயில பாதி வந்த வார்த்தை அதோட சொத்தும்மா. மீதியை நாம சொல்லிட்டா அது உதவி இல்ல, திருட்டு. அடுத்த தடவை அது வார்த்தையைத் தேடாது, நம்ம வாயைப் பார்க்கும்."

வீம்புக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அவரிடம் இருந்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் தப்போ சரியோ பயமில்லாமல் வாயைத் திறந்தார்கள்.

வீட்டில் கதை வேறு. அவர் கணவர் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று மனைவியைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் ஆள் இறங்கிவிடும், அப்படி ஒரு குரல். "எங்க வீட்ல பேசுறது அவர் இலாகா, கேக்குறது என் இலாகா" என்பார் அக்கா.

அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போயின. உயிர் தப்பியதே பெரிது, பழக்கினால் பேச்சு கொஞ்சம் திரும்பலாம் என்றார் மருத்துவர். அக்கா விடுப்பு எடுத்தார். ஒன்றாம் வகுப்புப் பட அட்டைகள் வீட்டுக்குப் போயின. மகளுக்குப் பொறுமை கிடையாது. "தண்ணியாப்பா? பேப்பராப்பா?" என்று அடுக்குவாள். அக்கா அவளை அடக்குவார். "நீ சொன்னா அவர் தலையை ஆட்டிட்டுப் படுத்துடுவாரு. அவரே சொல்லட்டும்."

சொன்னார். 'கதவு' வந்தது. 'போதும்' வந்தது. மகள் பெயரில் பாதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா வகுப்பில் செய்வது போலவே கை தட்டி "சபாஷ்" என்பார். அந்தப் பெரிய மனிதர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். தேறிவிடுவார் என்று நானும்தான் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்கப் போயிருந்தேன். மகள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் சட்டென்று அக்காவின் கையைப் பிடித்தார். "வ..." என்றார். "வ... வ..." நெற்றியெல்லாம் வியர்வை. புதுச் சொல்லுக்குப் போராடும்போது அவருக்கு எப்போதுமே அப்படித்தான் வியர்க்கும்.

என் குணம் போகுமா? "வெளிய போகணுமா மாமா? வெந்நீர் வேணுமா?" என்று ஆரம்பித்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். "பொறு."

கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். "அவசரமே இல்ல. மெதுவா. உங்களால முடியும்." மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா, எங்களுக்குப் புரியவில்லை. காத்திருந்தோம்.

"வ...லி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, தெளிவாக, "வலிக்குது" என்றார்.

"சபாஷ்!" என்று அக்கா கை தட்டினார்.

தட்டிய கைகள் பிரியாமல் அப்படியே நின்றன. அப்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மாமாவின் இடது கை தன் நெஞ்சுக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"உடனே கூட்டிட்டு வந்திருந்தாலும் இதேதாம்மா ஆகியிருக்கும்" என்றார் மருத்துவர். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் சொன்னேன். அக்கா யாரையும் மறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, என்னிடம் மட்டும், "வலிக்குதுன்னு சொன்னாரு. நான் கை தட்டினேன்" என்றார்.

விடுப்பு முடிந்து பள்ளிக்கு வந்தார். அதன் பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் நிற்கவே இல்லை. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் சொல் போய் விழுந்துவிடும். பாடங்கள் என்னைவிட வேகமாக முடிந்தன. தலைமையாசிரியர் பாராட்டினார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கேலி செய்த அந்த அமைதிக்காக நான் ஏங்கினேன். பிள்ளைகளும் முன்பு மாதிரி இல்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் சாக்பீஸ் கேட்டு அங்கே போனேன். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் குழந்தை ஏணிப் படத்தைப் பார்த்து "ஏ..." என்று நின்றுகொண்டிருந்தது. அக்கா எடுத்துக் கொடுக்கவில்லை. பேசாமல் இருந்தார். அப்பாடா, பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் அவர் முகம் வெளுத்திருப்பதைக் கவனித்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். குழந்தையை இரண்டு கைகளாலும் பிடித்து, முதுகைத் தடவி, நெஞ்சைத் தடவி, "எங்கம்மா வலிக்குது? சொல்லு கண்ணு, எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

குழந்தை மிரண்டுபோய் என்னைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

"வலிக்கல டீச்சர்" என்றது. "யோசிக்கிறேன்."