பொரித்த கிட்ஃபோ

சுவிஸின் லாங்கன்தாலில் எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஓர் அன்ரி இருந்தார். எத்தியோப்பியர் என்றால் அவருக்குப் போதாது, அங்குள்ள குராகே இனம் என்று சொல்ல வேண்டும். அம்மா தொழிற்சாலையில் நின்ற நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் நான் சாப்பிடப் போவது அவரிடம்தான். வாய் திறக்காத பிள்ளையான எனக்கு, கேள்வி கேட்காமல் சோறு போடும் ஒருவர் கிடைத்தது பெரிய ஆறுதல்.

செப்டெம்பர் கடைசியில் அவர்களுக்குச் சிலுவை கண்டெடுத்த திருநாள். மன்னார்க் கத்தோலிக்கரான எங்களுக்கும் அந்த மாதத்தில் சிலுவைத் திருநாள் உண்டு என்பதால், அம்மா அதை அரைவாசி எங்கள் பெருநாளாகவே எடுத்துக்கொண்டார். அன்று அன்ரி கிட்ஃபோ செய்வார். நல்ல மாட்டிறைச்சியைக் கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தி, வாசனைச் சரக்குப் போட்டு உருக்கிய நெய்யும் உறைப்புத் தூளும் சேர்த்துப் பிசைவார். அடுப்பில் வைப்பதில்லை. கூடவே கொச்சோ என்ற புளித்த ரொட்டி. வாழை போலிருந்தும் தின்னக் குலை தராத ஒரு மரத்தின் தண்டைச் சுரண்டி, நிலத்தில் புதைத்துப் புளிக்கவைத்துச் சுடுவது. ஊரிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டுவந்தால்தான் அது கிடைக்கும்.

அப்பா கொச்சோ மட்டும் சாப்பிடுவார். "குலை போடாத வாழையை நாங்கள் வெட்டி எறியிறம். இவையள் அதில ரொட்டி சுடுகினம். கெட்டிக்காரர்தான்" என்பார். இறைச்சியைக் கண்டால் முகம் மாறிவிடும்.

"அடுப்பிருக்க ஏன் பச்சையாத் தின்னுவான்? நீர் இனித் தொடாதையும்."

"ஓம், ஓம்" என்பார் அம்மா. ஒவ்வொரு வருடமும் சாப்பிடுவார்.

முதல் கவளத்தை வீட்டுக்காரி தன் கையால் விருந்தாளிக்கு ஊட்டுவது அவர்கள் வழக்கம். மறுக்கக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்பில் படித்த வருடம், அன்ரி கவளத்தை அம்மாவின் வாயருகே கொண்டுவந்தார். அம்மா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஹொய்ட்ட நிஷ்ட்" என்றார், இன்றைக்கு வேண்டாம் என்று டொச்சில். அன்ரியின் கை அந்தரத்தில் நின்றது. நாளை மத்தியானம் நான் தட்டினால் இந்தக் கதவு திறக்குமா?

அன்ரி அம்மாவையே பார்த்தார். பிறகு அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அம்மாவின் தட்டுடன் குசினிக்குப் போனார். நெய் பொரியும் சத்தம் கேட்டது. கறுக்கப் பொரித்த இறைச்சியோடு வந்து ஊட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார். இரண்டாவது கவளமும் ஊட்டினார்.

படியிறங்கும்போது அப்பாவின் நடையே வேறாக இருந்தது. "கண்டீரே, நான் சொன்னதைக் கேட்டபடியாத்தான் இண்டைக்கு மனிசர் மாதிரித் திண்டனீர்."

"ஓம், ஓம்."

மறுநாள் கதவு திறந்தது, சாப்பாடும் இருந்தது. அந்தக் கிழமை கட்டடத்தின் பொது மெசினில் நாங்கள் உடுப்புத் தோய்க்கும் முறை வந்தபோது, நிலவறையிலிருந்து ஈரக் கூடையை அம்மாவின் கையிலிருந்து பறித்து அன்ரியே தூக்கிக்கொண்டு ஏறினார். பச்சை இறைச்சி தந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

சித்திரையில் தம்பி பிறந்தான். அவனுக்கு முன் ஒன்று தங்காமல் போனதையும், அதனால் இவன் வயிற்றில் மூன்று மாதம் கடக்கும்வரை அப்பாவிடம்கூடச் சொல்லாமல் இருந்ததையும் நான் கலியாணம் முடித்த பிறகுதான் அம்மா சொன்னார். அன்ரியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

தம்பி பிறந்த வருடத் திருநாளில் அன்ரி கவளத்தை நீட்டினார். அம்மா உடனே வாயைத் திறந்தார்.

"பேந்தும் பச்சையோ?" என்றார் அப்பா.

அம்மாவும் அன்ரியும் சிரித்தார்கள். தம்பியை மடியில் வைத்திருந்த அப்பாவும் நானும், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.